மச்சான் வீட்டுக் காட்டு மரம்

நன்றி சொல்லத் தெரியாத மனிதர்கள் உண்டு. வெல்டரை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது. அவருக்கு நன்றி நெஞ்சு முட்ட வரும். வாய்க்கு வருவதற்குள் எங்கேயோ சிக்கிக்கொள்ளும். அதனால் இரும்பில் சொல்லுவார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு. கூப்பிட்டபோதெல்லாம் ஓடிவந்த டாக்சிக்காரருக்கு வண்டியின் தலையில் ஒரு கேரியர். பெரிய டாக்டருக்குக்கூட ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு செய்து, தோளில் சுமந்துபோய், அவர் அறை வாசலில் டங்கென்று இறக்கிவிட்டு வந்தார். யானை ஏறி நின்றாலும் வளையாத ஸ்டாண்டு அது. டாக்டர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இன்றைக்கும் அதில் தன் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒருவருக்குத்தான் இன்னும் எதுவும் செய்து கொடுக்கவில்லை. மச்சானுக்கு.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தையல்காரர். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். தங்கச்சி படுத்திருந்த மாதங்களில், மாப்பிள்ளை பட்டறைக்குப் போயாக வேண்டுமே என்று, பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தவர் அவர். சட்டை வாங்க வேண்டியவர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, நோயாளியை நலம் விசாரித்துவிட்டு, அப்படியே அளவும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதற்கு ஈடாக எதைச் செய்து கொடுப்பது? இரும்புக் கதவா, கட்டிலா? எதை யோசித்தாலும் வெல்டருக்கு அற்பமாகப்பட்டது. அந்தக் கடன் மட்டும் மனசில் அப்படியே நின்றது.

வெல்டரின் மனைவி கண்டம் தப்பிவிட்டாள். வயிற்றிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று, மாதக்கணக்கில் ஏற்றிய மருந்தும் முடிந்தாயிற்று. தலையில் கைக்குழந்தைக்கு முளைப்பதுபோல் பொசுபொசுவென்று முடிகூட வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று, நாக்கில் ருசி.

"எதைத் தின்னாலும் இரும்பு மாதிரியே இருக்குங்க. உங்க பட்டறையை நக்கிப் பார்த்த மாதிரி" என்றாள்.

வெல்டருக்கு அது தன்னையே குற்றம் சொன்னதுபோல இருந்தது. பட்டறையிலிருந்து வந்ததும் கையை மூன்று சோப்பு மாற்றிக் கழுவினார். வீட்டுச் சமையல் இப்போது அவர் கையில்தான். அதையும் வெல்டிங் மாதிரியேதான் செய்தார்: பெரிய நெருப்பு, சீக்கிரம் முடிவு. ஒரு சூப்பைத் தினமும் வைத்துக்கொடுத்தார். இவளும் தினமும் ஸ்பூனால் கலக்கிக் கலக்கி ஆறவைத்து, "அப்புறம் குடிக்கிறேன்" என்று ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "நாக்கு திரும்பி வரும். சிலருக்கு லேட்டாகும், எப்போன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அதுவரைக்கும் சாப்பிட்டாகணும். எடை இதுக்குமேல இறங்கிச்சுன்னா மறுபடியும் உள்ள சேர்க்க வேண்டியிருக்கும்."

அன்று சாயங்காலம் வெல்டர் ஸ்பூனும் கையுமாக மனைவியின் எதிரில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். அவள் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே அவர்களுடைய பிளம் மரம், கிளை தெரியாமல் பூத்து நின்றது.

"நம்ம பிளம் பழுக்கட்டும். அதைக் கடிச்சா நாக்கு முழிச்சுக்கும்னு தோணுது" என்றாள்.

அவள் சொன்னது அந்த நேரத்து ஸ்பூனைத் தள்ளிவிட. வெல்டர் பிடித்துக்கொண்டதோ உடும்புப்பிடி. மறுநாளிலிருந்து அந்த மரம் அவருக்கு வைத்தியர் ஆகிவிட்டது. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய் அதைப் பார்ப்பார்.

பூ உதிர்ந்து, மிளகளவு பிஞ்சு தெரிய ஆரம்பித்த நேரத்தில்தான் புழு வந்தது.

முதலில் கிளைக் கவட்டைகளில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. யாரோ கொசுவலையைக் கிழித்து அங்கங்கே திணித்துவைத்ததுபோல. கிட்டப் போய்ப் பார்த்தால் வலைக்குள் நெளிகிறது. முதுகில் வெள்ளைக் கோடு போட்ட கருத்த கம்பளிப் புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, கூட்டம் கூட்டமாக. இலை துளிர்க்கும்போதே பிறந்து, கவட்டையில் கூடாரம் அடித்து, அங்கிருந்து கிளம்பிப்போய் இலையைத் தின்றுவிட்டுத் திரும்பிவந்து படுத்துக்கொள்ளும் சாதி. வாடகை இல்லை, வரி இல்லை.

வெல்டருக்கு ரத்தம் கொதித்தது. அந்த நாள் விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பட்டறையிலிருந்து கேஸ் சிலிண்டரையும் டார்ச்சையும் இழுத்துக்கொண்டு வந்தார். இரும்பையே உருக்குகிற எனக்கு நூல் கூடாரம் எம்மாத்திரம் என்று நினைத்தார். அங்கேதான் பிசகினார். வேறு யாராக இருந்தாலும் துடைப்பத்தையோ தண்ணீரையோ தேடியிருப்பார்கள்.

"என்னங்க பண்றீங்க?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"நீ சும்மா இரு. ஒரு நிமிஷத்துல பொசுக்கிட்டு வந்துடறேன்."

நீலச் சுவாலை ஸ்ஸென்று பாய்ந்தது. கூடாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு காணாமல் போயின. வெல்டர் வெற்றிவீரரைப் போல ஏணியிலிருந்து இறங்கினார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. மச்சான் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மாப்ள, வீட்டுல ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வீட்டைக் கொளுத்திட்டீங்களே."

"என்ன சொல்றீங்க?"

"அண்ணாந்து பாருங்க. எல்லாம் மேயப் போயிருக்கு."

பார்த்தார். கிளை நுனிகளில், இலைகளின் விளிம்பில், வரிசை வரிசையாக உட்கார்ந்து புழுக்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மச்சானுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவர் மெஷின் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய காட்டு மரம் நிற்கிறது. நாளெல்லாம் தைக்கிற மனிதருக்கு நிமிர்ந்தால் கண்ணில் படுவது அந்தப் புழுக்களின் போக்குவரத்துதான். விடியலில் கூடாரத்துக்குள் இருக்கும், மழை தூறினால் வெளியே வராது, பிற்பகல் வெயிலில் ஒன்றுகூட உள்ளே இருக்காது.

நெருப்பில் செத்தது புழு அல்ல, கிளை. நல்ல திடமான கிளை ஒன்று பட்டை வெடித்து, இலை சுருண்டு, அதோடு சரி. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பிய புழுக்கள் வீட்டைக் காணாமல் கொஞ்சம் அலைந்தன. அப்புறம் பக்கத்துக் கவட்டையில் புதிதாகக் கட்ட ஆரம்பித்தன. வெல்டர் அசடு வழிய உள்ளே வந்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

தோற்ற மனிதருக்கு யார்மேலாவது பழி போட்டாக வேண்டுமே. வெல்டரின் கண் சுவரைத் தாண்டி மச்சானுடைய காட்டு மரத்தின்மேல் விழுந்தது.

அது காட்டுச் செர்ரி. யாரும் நட்டதில்லை. ஏதோ பறவை போட்ட எச்சத்தில் முளைத்து, யாரும் கேட்காமல் ஓட்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருப்பாக இருக்கும். பறவையைத் தவிர யாரும் சீண்டுவதில்லை. அந்த மரத்தில் கூடாரம் இல்லாத கவட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"மச்சான், ஊரு புழுவையெல்லாம் நீங்கதான் சோறு போட்டு வளர்க்கிறீங்க. அதை வெட்டிடுங்க."

"வெட்டினா அதுங்க எங்க போகும்? யோசிச்சீங்களா? அதுங்களுக்கு இந்த மரம்தான் விருந்து. உங்க மரம் சும்மா வழியில இருக்குற டீக்கடை. இது இருக்கிறதாலதான் உங்களது இந்த மட்டும் தப்பிச்சிருக்கு."

"புழுவுக்கு வக்கீல் வேற வச்சாச்சா?"

"ஃபீஸ் வாங்காத வக்கீல், மாப்ள."

இப்படியே சில நாள் போயிற்று. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மரியாதை குறையாமல் சண்டை போட்டார்கள். 'வாங்க போங்க' என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் கழுதை என்று சொல்லும் கலை அந்தக் குடும்பத்தில் நன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் ஒரு காலையில் வெல்டர் சுவரோரம் வந்தபோது சண்டைக்கான முகம் இல்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்திருந்தார்கள். இறங்கியிருந்தது. அடுத்த தடவைவரைக்கும் பார்ப்போம் என்று டாக்டர் தவணை கொடுத்திருந்தார்.

"அவ சாப்பிடணும், மச்சான். அந்தப் பழத்தைத்தான் கேட்டா. வேற எதையும் கேக்கல. இந்த வருஷம் எனக்கு அந்தப் பழம் வேணும்" என்றார்.

மச்சான் கழுத்தில் தொங்கிய டேப்பை ஒரு விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். சாயங்கால வெயில் அவருடைய ஜன்னலில் நேராக அடிக்கும். அந்த மரத்து இலைதான் தடுக்கிறது. வயதாகிவரும் கண்ணுக்கு ஊசியில் நூல் கோக்க அந்த நிழல் எவ்வளவு முக்கியம் என்று தையல்காரருக்குத்தான் தெரியும். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

"பாப்பாவுக்காகன்னா வெட்டிக்கோங்க" என்றார்.

ஐம்பதைத் தாண்டிய தங்கச்சி அவருக்கு இன்னும் பாப்பாதான்.

வெல்டர் ரம்பம் கொண்டுவந்த அன்று மச்சான் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் நூல் மலைமாதிரி கிடந்தது. வெல்டருக்கும் புரிந்தது, புரியாத மாதிரி இருந்துவிட்டார். ஒவ்வொரு கிளையாக வெட்டி இறக்கினார். இவ்வளவு பெரிய மனசு பண்ணிய மனிதரின் முற்றத்தைக் குப்பையாக்கலாமா என்று, வெட்டிய கிளைகளையெல்லாம் கூடாரங்களோடு சுவருக்கு மேலாகத் தன் பக்கம் தள்ளினார். பிளம் மரத்துக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தார். சாயங்காலம் மொத்தமாகக் கொளுத்திவிடலாம் என்பது திட்டம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஈடு கிடையாது.

கடைசியாக ஒரே ஒரு கிளை மிச்சம். மச்சானுடைய ஜன்னல் பக்கம் நீண்டது. ரம்பத்தை வைக்கப் போகும்போது மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு மெல்ல நடந்துவந்து சுவரைப் பிடித்து நின்றாள்.

"அது போதும்ங்க. அதுல கூடு ஒண்ணும் காணோம். அண்ணனுக்கு அந்த நிழலாவது இருக்கட்டும்."

மனைவி ஒன்றைக் கேட்டு, மறுத்துப் பேசும் தைரியம் அந்த வருடத்தில் வெல்டருக்கு இல்லை. ரம்பத்தைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் மழை பிடித்தது. அடுத்த நாளும் விடவில்லை. கிளைகளைக் கொளுத்த முடியவில்லை. நனைந்து கிடக்கட்டும், எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

மழை விட்ட காலையில் பின்கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிளம் மரத்தின் அடிமரம் நகர்ந்துகொண்டிருந்தது. அடுக்கிவைத்த கிளைகளில் இலை வாடிவிட்டது. வாடியதை அந்த வயிறுகள் ஏற்குமா? அத்தனை கூடாரத்துப் புழுக்களும் கிளம்பி, புல்லைத் தாண்டி, பக்கத்திலேயே பச்சையாக நின்ற ஒரே மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. மரத்தை மறைத்துக்கொண்டு ஏறின.

"மச்சான்!"

அந்தக் கத்தலில் மச்சான் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சுவரேறி வந்தார். இருவரும் துடைப்பத்தால் தட்டினார்கள், கையால் வழித்தார்கள், வாளி வாளியாகத் தண்ணீரை வீசினார்கள். தள்ளிவிட்ட புழு மறுபடி ஏறியது. மாலைக்குள் மரத்தின் மேல்பாதி வெறும் குச்சியாக நின்றது. வெல்டர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். வாயைத் திறந்து 'நீங்க அன்னைக்கே சொன்னீங்க' என்று சொல்லப் பார்த்தார். வரவில்லை.

வேறு மச்சானாக இருந்தால் அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பார். மரத்தையும் கொடுத்து, நிழலையும் கொடுத்து, கடைசியில் இந்தக் கோலம். கேட்க உரிமையும் இருந்தது. அவர் கேட்டது இதுதான்:

"நாளைக்குக் காலையில பட்டறை இருக்கா, மாப்ள?"

விடியும்போதே கதவைத் தட்டினார். கையில் சொரசொரப்பான நீளக் குச்சிகள், ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர். "சீக்கிரம் வாங்க. எல்லாம் வீட்டுலதான் இருக்கு" என்றார்.

ஏணியில் ஏறி, குச்சியைக் கூடாரத்துக்குள் நுழைத்து, பாபினில் நூல் சுற்றுகிற அதே நிதானத்தோடு மச்சான் சுற்றினார். கூடாரம் புழுவும் பூச்சியுமாக அப்படியே குச்சியில் சுருட்டிக்கொண்டு வந்தது. கிளையில் ஒரு கீறல் இல்லை. வாளிக்குள் முக்கி எடுத்தார். அடுத்த கூடாரம். வெல்டர் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார். தன் வேலை சுடுவது, மச்சான் வேலை சுற்றுவது என்று அவருக்கு அப்போது தோன்றியது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தார்.

"மச்சான்..."

"பேசாதீங்க. ஏணியைப் பிடிங்க. ஆடுது."

மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, அதோ மேல ஒண்ணு. ஐயோ, அந்தப் பக்கம் இல்ல, உங்க காதுகிட்ட" என்று மேற்பார்வை. ஒரு புழு வெல்டரின் சட்டைக் காலருக்குள் இறங்கி அவர் வாளியோடு குதித்தபோது அவள் சத்தமாகச் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வெல்டர் குதிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். புழு அதுபாட்டுக்கு முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க விடியல் இப்படியே போனது. புழு ஒழிந்தது. ஆனால் மரம் மொட்டையாகிவிட்டது. பிஞ்சுகள் வெயிலில் சுருங்கிக் கொட்டின. மச்சான் மட்டும், "இலை மறுபடியும் வரும் பாருங்க. இந்தப் புழு தின்னு எந்த மரமும் சும்மா செத்துடாது" என்றார். அவர் சொன்னபடியே கொஞ்ச நாளில் குச்சிகளின் கணுக்களில் பச்சை எட்டிப்பார்த்தது. பார்த்தபோது வெல்டருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. மனைவியின் தலையில் முடி முளைத்த அன்றும் இப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் மச்சானுக்கு என்ன செய்து கொடுப்பது என்பது பிடிபட்டது. காட்டு மரத்தில் மிஞ்சிய ஒற்றைக் கிளை, மற்றக் கிளைகள் இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றடித்தால் முறிகிற நிலையில் நின்றது. வெல்டர் அதற்கு இரும்பில் ஒரு முட்டுக்கால் செய்தார். அடியில் தகடு, மேலே கவட்டை, கிளையின் வளைவுக்கு அளவெடுத்தது. வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவர் எதையும் பற்றவைத்ததில்லை. மறுநாள் பார்த்தால், இரும்பு மரப்பட்டையை உரசாதபடி கவட்டைக்கு மச்சான் பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். ஓரம் மடித்து, இரட்டைத் தையல்.

பிளம் மரத்தில் ஒரே ஒரு காய் தப்பியிருந்தது. புது இலைகளுக்கு நடுவில் மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் அந்தக் காய்க்குக் கிடைத்த மரியாதை ராஜகுமாரனுக்குக் கிடைக்காது. பறவை கொத்தாமலிருக்க மச்சான் மெல்லிய துணியில் நாடா வைத்த குட்டிப் பை ஒன்று தைத்துக் கட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெல்டர் காவல் காத்தார். பட்டறைக்குப் போனாலும் மத்தியானம் ஒருமுறை போன் செய்து, "இருக்கா?" என்பார். "நான் நல்லா இருக்கேங்க" என்பாள் மனைவி வேண்டுமென்றே.

பழுத்தது. வெல்டர் அதைப் பறித்து, கழுவி, துடைத்து, வீட்டிலிருந்ததிலேயே நல்ல தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மச்சானும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். மனைவி ஒரு கடி கடித்தாள். மென்றாள். இரண்டு ஆண்களும் மூச்சுவிடவில்லை.

"எப்படி இருக்கு, பாப்பா?"

"நல்லா இருக்கு அண்ணா. தேன் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். இன்னொரு கடியும் கடித்தாள். மிச்சத்தை, "நீங்க சாப்பிடுங்க" என்று கணவரிடம் நீட்டினாள்.

வெல்டர் சமையலறைக்குள் போய் அந்த மிச்சத்தை வாயில் போட்டார். புளிப்பு. பல் கூசி, கண்ணில் தண்ணீர் வருகிற புளிப்பு. எரிந்தும் மொட்டையடிக்கப்பட்டும் மீண்ட மரத்தில் இனிப்பு எங்கிருந்து வரும்? அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அவளுக்கு இன்னும் இரும்புதான். இவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நோயிலும் இவர் மனசு நோகக் கூடாதென்று அவள் யோசித்திருப்பது அவரைப் போட்டு அழுத்தியது. அவரும் அதை வெளிக்காட்டவில்லை. வெளியே வந்து, "ஆமா, நல்ல இனிப்பு" என்றார்.

எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெல்டர் சூப்பைக் கைவிடவில்லை. என்றைக்காவது உறைக்கும் என்று உப்பைத் தினமும் ஒரு கை கூட்டிக்கொண்டே போனார். அவளும் அவர் முகத்துக்காக நாலு ஸ்பூன் விழுங்குவாள்.

கோடை முடிகிற நேரம். மனைவி பகலில் அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார ஆரம்பித்திருந்தாள். முட்டுக்காலில் நின்ற அந்த ஒற்றைக் கிளையின் கீழே, ஜன்னலோரம், மடியில் ஏதாவது சட்டையை வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு உள்ளே மச்சானின் மெஷின் ஓடும். கிளை முழுக்கக் கருத்த பழம். பறவைகள் தின்றதுபோக மிச்சத்தை உதிர்த்துக்கொண்டிருந்தன. அன்று வெல்டர் மூடிபோட்ட கிண்ணத்தில் சூப்போடு வந்தபோது, மடித் துணிமேல் விழுந்த ஒரு பழத்தை எடுத்து, யோசனையில்லாமல், பட்டனை வாயில் வைத்துக்கொள்கிற தையல்காரப் பழக்கத்தில், அவள் வாயில் போட்டுக் கடித்தாள்.

முகம் கோணியது. ஒரு கண் மூடிக்கொண்டது. தோள் காதுவரை ஏறியது.

"த்தூ!"

மெஷின் நின்றது. "என்ன பாப்பா?"

"கசக்குது அண்ணா! ஐயோ, என்ன கசப்பு! நாக்கெல்லாம் துவர்த்து ஒட்டிக்குது, இதைப் போயி எப்படித்தான் இந்தக் குருவிங்க..." என்று துப்பிக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

வெல்டர் கிண்ணத்தைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார். தேன் மாதிரி இருக்கிறது என்று யாரும் பொய் சொல்லிவிடலாம். அந்த முகத்தை யாராலும் நடிக்க முடியாது.

அவள் மெல்லக் கையை நீட்டினாள். "அதைக் குடுங்க."

மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் விட்டாள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது.

"ஏங்க, இது சூப்பா, கடலா? இத்தனை நாளா இதையா எனக்கு ஊத்தினீங்க? மனுஷன் குடிப்பானா இதை?"

வெல்டரின் சமையலைப் பற்றி அதற்குமுன் யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவர் அந்த முற்றத்திலேயே முட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு, குழந்தைமாதிரி அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்து இரண்டும் மாட்டிக்கொண்டன.

"அழுதது போதும், போயி அதுல வெந்நீர் ஊத்திக் கொண்டாங்க. ரெண்டு ரொட்டியும் எடுத்துட்டு வாங்க. பசிக்குது" என்றாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பசிக்குது. அந்தச் சொல்லைக் கேட்டு மச்சான் ஜன்னலுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். நூல் அறுந்துவிட்டதுபோல ஊசியை வெகுநேரம் துழாவினார்.

வெல்டர் ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சாப்பிட்டாள், தண்ணீர் ஊற்றிய சூப்பை ஒட்டக் குடித்தாள், குடித்துக்கொண்டே குறை சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மச்சான்..."

"இன்னொரு இரும்பு மட்டும் வேண்டாம், மாப்ள. வீட்டுல இடமில்ல."

"இல்ல மச்சான். இது வாயால." வெல்டர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை செருமினார். "ரொம்ப நன்றி" என்றார்.

சொல்லி முடித்ததும் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலைக்குமேல் கிளை தொங்கியது. ஒரு கொத்தைப் பறித்து, ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தார். கசப்பும் துவர்ப்பும் நாக்கைச் சுருட்டி இழுத்தன.

"துப்புங்க" என்றாள் மனைவி.

அவர் துப்பவில்லை. கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு, சதையை முழுசாக மென்று விழுங்கினார். அப்புறம் இன்னொன்று போட்டுக்கொண்டார்.